கையை எடுங்க அத்தான்

பிளம்பர் வெள்ளை அங்கியோடு தொட்டிக்குள் குதித்தார்.

முன்வரிசை முழுக்க நனைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டே எட்டு. இடது மூலை. சட்டென்று குந்தினார். தண்ணீருக்குள் வலது கையை விட்டுத் தரையைத் துழாவினார். ஓட்டை அகப்பட்டது. உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

அதுவரை கொர்ரென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"பிடிச்சிட்டேன்" என்றார். அவருடைய தலை மட்டும் தண்ணீருக்கு மேலே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பானை மாதிரி தெரிந்தது.

சபை மூச்சு விட்டது.

அந்தச் சபை ஓர் அச்சகத்தின் மாடியில் கூடியது. மேடைப் பலகைகளை எடுத்தால் அடியில் ஞானஸ்நானத் தொட்டி. ஏழடி நீளம், நாலடி அகலம். மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு துவாரம். அதை அடைக்கச் சங்கிலி கோத்த ஒரு கறுப்பு ரப்பர் தக்கை. காலையில் தொட்டியை நிரப்பும்போது தக்கை இருந்தது. பாடல்கள் முடிந்து, ஜெபம் முடிந்து, எல்லோரும் கண்ணைத் திறந்தால் தக்கையைக் காணோம். தண்ணீர் குழாய் வழியே இறங்கித் தெருவில் பாய்ந்துகொண்டிருந்தது. கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள், மேகமே இல்லாத வானத்தைப் பார்த்துக் குடை விரித்தார்கள்.

"ரெண்டடி ஏழு அங்குலம்" என்று அறிவித்தார் சபை மூப்பர். நிலம் அளந்தே ஓய்வு பெற்ற சர்வேயர். அளவுகோல் இல்லாமல் அவர் ஆராதனைக்கு வந்ததில்லை. "அஞ்சு அங்குலம் போச்சு."

"இப்ப தொட்டியை மறுபடி நிரப்ப முடியுமா?" என்றார் தலைமையாசிரியை. அவரும் வெள்ளை அங்கியில் நின்றார்.

"மேல் டாங்க்ல ஒரு சொட்டு இல்ல டீச்சர். இனி நாளைக்குத்தான் தண்ணி விடுவாங்க" என்றார் சர்வேயர்.

அன்று ஐந்து பேருக்கு ஞானஸ்நானம். தலைமையாசிரியை, நர்ஸ், லாரி டிரைவர், பேக்கரிக்காரர். ஐந்தாவது ஆள்தான் இப்போது மூலையில் தலையாக மட்டும் இருந்தார். பாஸ்டருக்கு அவர் அக்கா வீட்டுக்காரர்.

பத்தொன்பது வருடமாக நழுவிக்கொண்டே இருந்த ஆசாமி. கேட்டால், "இன்னும் கொஞ்சம் நல்லது பண்ணிட்டு வரேன். இந்த நிலைமையில போய் நின்னா நல்லா இருக்காது" என்பார். ஏதோ கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூச்சப்படுகிறவர் போல. அந்த 'இன்னும் கொஞ்ச'த்தில் சபையின் மூன்று கழிப்பறைகளும் கோளாறில்லாமல் ஓடின. தெருவில் தனியாக இருந்த முதியவர்கள் எல்லோருடைய வீட்டிலும் குழாய்கள் சொட்டாமல் இருந்தன. கேட்காமலே வந்து செய்வார். டீ கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார். குடித்துவிட்டால் அந்த நல்ல காரியம் மேலே சேராமல் போய்விடுமோ என்று பயம்.

இன்று காலை முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: "போறேன். இன்னைக்கு விட்டா இனிமே வரவே மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் அவருடைய டூல் பையைத் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இன்று அவர் வேலைக்குப் போகவில்லை, அதனால். அந்தப் பையில் ஏழு அளவில் ரப்பர் தக்கைகள் இருந்தன.

"கைக்குட்டையைச் சுருட்டி வெச்சா?" என்றார் சர்வேயர்.

வைத்தார்கள். உறிஞ்சிக்கொண்டு போயிற்று. சற்று நேரத்தில் கீழே தெருவில் யாரோ, "ஏய், இது யாரோடது?" என்று கேட்டது மேலே கேட்டது.

"நான் பிடிக்கறேன், நீங்க எந்திரிங்க" என்று லாரி டிரைவர் இறங்கினார். கை வைத்தார். வைத்த வேகத்தில் வெளியே பாய்ந்தார். "உள்ளே இருந்து யாரோ இழுக்கறாங்க."

"யாரும் இழுக்கல. மாடி உயரத்துக்குக் குழாய் இறங்குது, அதான் உறிஞ்சுது" என்றார் பிளம்பர், மறுபடி கையை வைத்துக்கொண்டு. "கையைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்கணும். பழக்கம் வேணும்."

சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு பெருமை.

பாஸ்டர் மேடையின் விளிம்பில் நின்றிருந்தார். ஒல்லி. குரல் மட்டும் மூன்று ஆள் பருமன். அந்தக் குரல் இன்று சுருங்கியிருந்தது.

"இன்னைக்கு வேண்டாமே. அடுத்த மாசம் வெச்சுக்கலாம்" என்றார்.

"அடுத்த மாசமா?" என்றார் பிளம்பர்.

"ஆமா அத்தான். நல்லபடியா, நிறைய தண்ணியோட."

பத்தொன்பது வருடம் தானே சொல்லி வந்த பதில். இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது அது கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. பிளம்பர் தன் மைத்துனரின் முகத்தையே பார்த்தார். நான் இன்னும் போதாது என்று இவனும் நினைக்கிறான். இவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

"அவங்க நாலு பேருக்கும் குடுங்க பாஸ்டர்" என்றார். சபையில் 'பாஸ்டர்', கோபம் வந்தால் மட்டும் 'மச்சான்'. "நான் பிடிச்சுக்கறேன். எனக்கு இதுவும் ஒரு நல்ல காரியமாச்சு. கடைசியா நான் வரேன்."

"அத்தான், அது வந்து..."

"குடுடா மச்சான்."

பாஸ்டர் இறங்கினார்.

முதலில் தலைமையாசிரியை. முப்பது வருடம் பிள்ளைகளை எண்ணிப் பழகியவர். ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே எண்ணிக்கொண்டு தானே மூழ்கினார். எழுந்தபோது பிளம்பரின் தலையைப் பார்த்து, "முதுகை நிமிர்த்தி உக்காருங்க" என்றார். நர்ஸ் மூழ்கும் முன்பு பிளம்பரின் உதட்டு நிறத்தைக் கவனித்து, "குளிருதா? கை மரத்துப் போச்சா?" என்று விசாரித்தாள். லாரி டிரைவர் தொட்டியின் மறுகோடியில் சுவரோடு ஒட்டி நின்று மூழ்கினார். எழுந்ததும் கால்விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

நான்காவது பேக்கரிக்காரர். அவர் இறங்கியதும் தண்ணீர் தன் பழைய உயரத்துக்கு வந்தது. "மூணடி" என்றார் சர்வேயர், மகிழ்ச்சியோடு. பிளம்பரின் வாய்க்குள் தண்ணீர் போயிற்று. பாஸ்டர் அவரைப் பின்னால் சாய்த்தார். அலை எழுந்தது. ஆர்மோனியக்காரர் ஆர்மோனியத்தைத் தூக்கிப் பிடித்தார். பேக்கரிக்காரர் மேலே ஏறியபோது தண்ணீர் பாதியாகியிருந்தது.

"ஒண்ணரை அடி" என்றார் சர்வேயர். இப்போது மகிழ்ச்சி இல்லை.

பிளம்பர் இருமிக்கொண்டே நிமிர்ந்தார். மார்புவரை வெளியே தெரிந்தார். "இப்ப நான்" என்றார். "கையை எடுக்காம அப்படியே தலையை மட்டும் உள்ள விட்டுக்கறேன். சரியா?"

சபை பாஸ்டரைப் பார்த்தது. பாஸ்டர் சர்வேயரைப் பார்த்தார்.

சர்வேயர் தொண்டையைச் செருமினார். "செல்லாது."

"ஏன் மூப்பரே?"

"ஞானஸ்நானம் வாங்கற ஆளு அந்த நேரத்துல வேலை பார்த்துட்டு இருக்கக் கூடாது. நம்ம பாஸ்டர் வாராவாரம் என்ன சொல்றாரு? வெறுங்கையோட வாங்க, வெறுங்கையோட வாங்கன்னுதானே. உங்க கை வேலையில இருக்கு."

"கை தனியா வேலை பார்க்குது. நான் முங்கப் போறேன்."

"கை வேற, நீங்க வேறயா?"

பேக்கரிக்காரர் துண்டோடு முன்னால் வந்தார். "நான் வேணா அந்த ஓட்டை மேல உக்காந்துக்கறேனே."

சர்வேயர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மனத்துக்குள் கணக்குப் போட்டார். "நீங்க உக்காந்துட்டா பிளம்பரைப் படுக்க வைக்க இடம் இல்ல. உங்க மடியிலதான் படுக்க வைக்கணும்."

"எனக்கு ஆட்சேபணை இல்ல."

"எனக்கு இருக்கு" என்றார் பிளம்பர். "யாரும் உக்கார வேண்டாம். இது என் வேலை. நான் பிடிச்ச ஓட்டை."

"இதான் அத்தான் உங்ககிட்ட பிரச்சனை" என்றார் பாஸ்டர். அவரை அறியாமல் பழைய குரல் திரும்பியது. "எல்லாத்தையும் நீங்களே பிடிச்சிட்டு நிக்கணும். இரட்சிப்பு வேலை செஞ்சு வாங்கற சாமான் இல்ல. அது சும்மா கிடைக்குது. கையை நீட்டி வாங்கிக்கறதுதான் விசுவாசம்."

"அப்ப நல்ல காரியமே வேண்டாமா? இந்தா, கையை எடுத்துட்டு வீட்டுக்குப் போறேன். சபையோட மூணு கக்கூஸையும் அடுத்த வாரம் யார் வந்து குத்தி விடுவா? விசுவாசமா?"

பாஸ்டருக்கு வியர்த்தது. முழங்காலளவு தண்ணீரில் நின்றும் அவருக்கு வியர்த்தது.

"நான் அப்படிச் சொல்லல..."

"பைப்புல தண்ணி வந்தாத்தான் மச்சான் கனெக்‌ஷன் இருக்குன்னு அர்த்தம். வராத பைப்பைக் காட்டி, கனெக்‌ஷன் இருக்கு, நம்புங்கன்னு சொன்னா எந்த வீட்டுக்காரன் நம்புவான்?"

"வாஸ்தவம். ஆனா குழாயைத் திறந்ததுனாலயா கனெக்‌ஷன் வந்துச்சு? கனெக்‌ஷன் முதல்ல. தண்ணி அப்புறம்."

"நல்ல பாயின்ட்" என்றார் பேக்கரிக்காரர்.

"யாரோட பாயின்ட்?" என்றார் லாரி டிரைவர்.

"ரெண்டும்தான்."

"ஒரு அடி நாலு அங்குலம்" என்றார் சர்வேயர். "கையோரமா கசியுது. பேசிட்டே இருந்தீங்கன்னா கடைசியில தொட்டியைத் துடைச்சுத்தான் குடுக்கணும்."

அப்போதுதான் பிளம்பரின் மனைவி பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்னங்க."

"என்ன?"

"எதுக்கு இப்படிப் பயப்படறீங்க?"

"பயமா? எனக்கா?"

"பத்தொம்பது வருஷமா கேக்கறேன். இன்னைக்காவது சொல்லுங்க. அந்த 'இன்னும் கொஞ்சம்' எவ்வளவு?"

பிளம்பர் சபையைப் பார்த்தார். எல்லோரும் ஆர்வமாகக் கழுத்தை நீட்டினார்கள். குரலைத் தாழ்த்தினார். அந்தக் கூடத்தில் எதைத் தாழ்த்திச் சொன்னாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்.

"ஒரு வாஷர்."

"என்னது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. ஒரு தையல்காரம்மா வீடு. குழாய்க்குப் புது வாஷர் போடறேன்னு சொல்லிட்டுப் பழசையே திருப்பி மாட்டினேன். மழை வர மாதிரி இருந்துச்சு, கடைக்குப் போகச் சோம்பேறித்தனம். அந்தம்மா ரொம்ப நன்றி தம்பின்னு சொல்லி என் தலையில கை வெச்சு ஜெபம் பண்ணுச்சு. அப்புறம் மனசு கேட்கல. புது வாஷரோட திரும்பிப் போனேன். வீட்டை இடிச்சிட்டாங்க. அந்தம்மா எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியல." மூக்கை உறிஞ்சினார். தண்ணீரா, வேறு ஏதாவதா தெரியவில்லை. "அன்னையிலேர்ந்து யார் வீட்டுல குழாயைப் பார்த்தாலும் சும்மா போக முடியல. எத்தனை போட்டாலும் அது அங்கேயே இருக்கு. அந்த ஒரு வாஷர்."

யாரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் தனக்குள், "நான் பழைய ரஸ்க்கை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மனைவி குனிந்தாள். "நீங்க என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க வீட்டுக் குழாய் என்ன நிலைமையில இருந்துச்சு?"

"ஒழுகிட்டு இருந்துச்சு."

"எப்ப சரி பண்ணீங்க?"

"நீ என்னைக் கட்டிக்கறேன்னு சொன்னதுக்கு அப்புறம்."

"குழாயைச் சரி பண்ணதுக்காக நான் உங்களைக் கட்டிக்கல. கட்டிக்கறேன்னு சொன்ன சந்தோஷத்துல நீங்க எங்க வீட்டுக் குழாய், பக்கத்து வீட்டுக் குழாய், எங்க சித்தப்பா வீட்டுக் குழாய்னு கேட்காமலே கழட்டி மாட்டினீங்க. எங்க சித்தப்பா, போதும் மாப்பிள்ளைன்னு கும்பிட்டாரு."

"அவர் குழாய் நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார் பிளம்பர்.

"அந்த வீடு இடிஞ்சு போச்சுங்க. அந்தக் குழாயே இல்ல. புது வாஷரை இனி எங்கே கொண்டுபோய் மாட்டுவீங்க? உங்களால அதைச் சரி பண்ண முடியாது. வேற ஒருத்தர்தான் பண்ணணும். கையை எடுங்க."

பிளம்பர் மைத்துனரை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் சொல்லு மச்சான். நான் போதுமா?"

பாஸ்டர், எங்கோ ஆழத்திலிருந்து இழுத்து எடுத்ததைப் போல, "யாரும் போதாது அத்தான். நானும்தான். கையை எடுங்க" என்றார்.

பிளம்பர் கண்ணை மூடினார்.

கையை எடுத்தார்.

கொர்ர்ர்.

"ஒரு அடி ரெண்டு அங்குலம்" என்றார் சர்வேயர், கோலை நட்டு. "ஒரு அடி. சீக்கிரம் பாஸ்டர்."

பிளம்பர் மல்லாந்து படுத்தார். இரண்டு கையும் மேலே, வெறுமையாக. கை ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தது. தலை மூழ்கியது. தோள் மூழ்கியது. வயிறு மூழ்கவில்லை. தண்ணீருக்கு நடுவே அது தீவு மாதிரி நின்றது.

"பத்து அங்குலம். வயிறு வெளியில."

"மூச்சை விடுங்க அத்தான்."

குமிழிகள் வந்தன. தீவு கொஞ்சம் தாழ்ந்தது.

"எட்டு. இன்னும் வெளியில. புரட்டுங்க."

பாஸ்டர் அவரைப் பாய் மாதிரி ஒரு பக்கம் புரட்டினார். மறுபக்கம் வெளியே வந்தது. திருப்பிப் புரட்டினார். லாரி டிரைவர் மேலிருந்து, "லெஃப்ட்ல ஒடிங்க, லெஃப்ட்ல" என்று வழி சொன்னார்.

"ஆறு. இனி நடக்காது பாஸ்டர்" என்றார் சர்வேயர். அவர் குரல் உடைந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாஸ்டர் நனைந்த அங்கியைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஒரே எட்டாக இடது மூலைப் பக்கம் காலை மாற்றி வைத்துக்கொண்டார். குனிந்தார். இரண்டு கையாலும் அத்தானின் நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்து அழுத்தினார். ஒல்லி உடம்பின் மொத்த எடையும் அதில் இருந்தது.

கொர்ர்ர் சத்தம் நின்றது.

அந்த நிசப்தத்தில் சர்வேயர் தரையோடு முகம் வைத்து, தண்ணீரின் மட்டத்தில் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"தலை உள்ளே. மூக்கு உள்ளே. வயிறு..." எச்சில் விழுங்கினார். "உள்ளே. முழுசும் உள்ளே. செல்லும்."

ஸ்தோத்திரம் என்று கூடம் அதிர்ந்தது. பிளம்பர் எழுந்து உட்கார்ந்தார். தலையிலிருந்து நீர் வழிந்தது. இரண்டு கையையும் முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒன்றுமே பிடித்திருக்கவில்லை. சிரிக்க ஆரம்பித்தார். மனைவி அழுதுகொண்டே துண்டை வீசினாள். அது தண்ணீரில் விழுந்து மிதந்தது.

மிதந்து, அசையாமல் நின்றது.

"தண்ணி நின்னுடுச்சு" என்றாள் நர்ஸ். "போகவே இல்ல."

"அற்புதம்" என்றார் பேக்கரிக்காரர். தலைமையாசிரியை முழந்தாளிட்டார். லாரி டிரைவர், "அப்பவே சொன்னேன், உள்ளே யாரோ இருக்காங்கன்னு" என்றார்.

பிளம்பர் மட்டும் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத் தொழில். திறந்த துவாரம் தானாக அடைத்துக்கொண்டதை அவர் இதுவரை பார்த்ததில்லை. மெல்லத் தவழ்ந்து இடது மூலைக்கு வந்தார். அங்கே பாஸ்டரின் பாதம் ஊன்றியிருந்தது.

"காலை எடு மச்சான்."

"வேண்டாம் அத்தான்."

"எடு."

பாதம் விலகியது. அடியில், துவாரத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது கறுப்பு ரப்பர் தக்கை. அதன் சங்கிலி பாஸ்டரின் அங்கிப் பையிலிருந்து தொங்கியது.

கூடத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அந்த இரைச்சலுக்குள் பாஸ்டர் குனிந்து, அக்கா வீட்டுக்காரரின் ஈரக் காதில் சொன்னார்:

"ஜெபம் பண்ணும்போது நான்தான் இழுத்து எடுத்தேன். நல்லது செஞ்சாத்தான் பரலோகம்னு நீங்க நம்பிட்டு இருந்த வரைக்கும் சபையில ஒரு குழாய் ஒழுகினதில்ல. எல்லாம் சும்மாவே கிடைக்குதுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்கு வருவீங்கன்னு பயந்துட்டேன். ஊருக்கெல்லாம் விசுவாசம் விசுவாசம்னு தொண்டை கிழியச் சொல்றேன் அத்தான். உங்க மேல எனக்கு அது ஒரு சொட்டுகூட இல்ல."